மாத்திரையை நடுவில் நிறுத்தலாமா?



கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் என் மாணவன் ஒருவனின் தந்தை, ஹெப்படைட்டிஸ் பி நோய்க்காக மாத்திரை உட்கொண்டு வந்தார். இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, வாத்தியாரையா! இனி மாத்திரை எதற்கு?” என்று தாமாகவே நிறுத்திவிட்டார். சில மாதங்களில் கண் மஞ்சளித்து, மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. ஏன் இப்படி ஆயிற்று?

இந்நோய்க் கிருமி கல்லீரலில் தங்கிப் பெருகுவது. பல ஆண்டுகள் வலியோ காமாலையோ காட்டாமல் இருந்து, பின்னர் கல்லீரலைச் சுருங்கச் செய்யும், புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும்.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் பூச்சரம் தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிருமியும் பெருகும்போது தன் மரபுச் சரத்தை அவ்வாறே தொடுக்கிறது. டெனோபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்துகள் போலிப் பூவாக அச்சரத்தில் புகுந்துகொள்ளும். பிறகு சரம் நீளாது. ஆனால், கல்லீரல் உயிரணுவுக்குள் பதுங்கியுள்ள மூலத்தை அவை அழிப்பதில்லை. லாலான் புல்லை வெட்டினாலும் வேர் மண்ணில் கிடக்கும் அல்லவா? வெட்டுவதை நிறுத்தினால் மீண்டும் தழைக்கும். அந்தத் தந்தைக்கு நேர்ந்தது இதுதான்.

“கீழாநெல்லி போதாதா?” என்று கேட்பீர்கள். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், இக்கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி நல்ல பலன் தந்ததாக எழுதினர். பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஆகவே, மாத்திரைக்குப் பதிலாக அதை நம்பியிருத்தல் ஆகாது.

கிருமி உள்ள எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. கிருமியின் அளவையும் கல்லீரலின் நிலையையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை தேவைப்படாதவரும் தவறாமல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கருவுற்ற தாய்மார் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். பிரசவத்தின்போது கிருமி குழந்தைக்குத் தொற்றக்கூடும்.

இந்நோய் இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். ஒன்றாக அமர்ந்து உண்பதால் பரவாது. நோயாளியின் தட்டைத் தனியே ஒதுக்காதீர்கள். சவரக் கத்தியையும் பல் தூரிகையையும் மட்டும் தனியே வையுங்கள்.

மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடக்கட்டும்.