அலுப்புக்கு எது மருந்து?

சாயங்காலம் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவரின் தோளைத் தொட்டுப் பாருங்கள், மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும். கெண்டைக்கால் இழுக்கும். படுத்தால் தூக்கம் வராது. ‘உடம்பு அலுப்பு தீர ஒரு பாக்கெட்’ என்று சாராயத்தைத் தேடுவது இங்கேதான் தொடங்குகிறது. அவரைத் திட்டித் தீர்ப்பதால் அந்த வலி போய்விடாது. வேறு வழி காட்ட வேண்டும்.

கருணாபுரத்தில் நடந்தது

2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பலர் குடித்த சாராயத்தில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள், அவர்களில் பெண்களும் உண்டு.

மெத்தனால் குடித்தவுடன் சாதாரண போதைதான் தெரியும். கல்லீரல் அதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. இதற்கு 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதனால்தான் ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். வாந்தி வரும், மூச்சு வாங்கும், கண்ணெதிரே பனிமூட்டம் போல மங்கும். பார்வை நரம்பை அமிலம் தாக்குவதன் அடையாளம் அது.

அந்த நேரத்தில் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் முறிவு மருந்து உண்டு, டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றவும் முடியும். போலீசுக்குப் பயந்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் சொல்லிக் குடித்ததை மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். அதே சாராயத்தைக் குடித்துவிட்டு ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்கிறவரையும் உடனே கூட்டிப் போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, அரசு மதுக்கடையில் வாங்கினால் பயமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அளவாகக் குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது.

சாமைச் சோறும் வெந்நீரும்

வெயிலில் வியர்த்தவருக்குச் சதை இழுக்கிறதென்றால், பெரும்பாலும் தண்ணீரும் உப்பும் குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வேலைக்கு இடையிலேயே நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ குடித்துவந்தால் சாயங்கால வலி குறையும். வீடு திரும்பியதும் வெந்நீர்க் குளியல். அப்புறம் வயிறு நிறையச் சாப்பாடு. பசியோடு இருக்கும்போதுதான் குடி அதிகம் இழுக்கும்.

அதே கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விளைவித்து உண்டார்கள். சாமையில் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும், சர்க்கரையும் சட்டென்று ஏறாது. ஆனால் வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையை வாங்கினால் அந்த நார் தவிட்டோடு போயிருக்கும். சற்றே பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் வைத்தால் சோறு குழையாமல் வரும். கூடவே கொள்ளு ரசமோ மொச்சைக் குழம்போ இருந்தால், உழைத்த சதைக்கு வேண்டிய புரதமும் ஓரளவு கிடைக்கும்.

தூக்கமும் மனசும்

குடித்தால் தூக்கம் வருகிறது என்பது பாதி உண்மை. முன்ராத்திரி தூங்குவார்; பின்ராத்திரி நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்வார். விடிந்தால் அதே அலுப்பு. கடன், பிள்ளை படிப்பு, வீட்டுச் சண்டை என்று எதை நினைத்துப் புரள்கிறாரோ அதை யாரிடமாவது சொன்னால் பாரம் குறையும். சொல்ல ஆளில்லையென்றால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். அரசின் மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நாள் தவறாமல் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்துவதும் ஆபத்து. ஓரிரு நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் நிற்பதாகத் தெரியலாம். இதைப் பேய் பிடித்தது என்று எண்ணிப் பூசாரியிடம் கூட்டிப் போகிறார்கள். அரசு மருத்துவமனையில் இதற்கு மருந்து இருக்கிறது. விடப்போகிறேன் என்று அவர் சொல்கிற அன்றைக்கே வீட்டில் ஒருவர் கூடப் போங்கள். ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே நடுக்கம் தாங்காமல் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு.