பதினெட்டு முடிந்த மறுநாள்

நாம் பள்ளியிறுதித் தேர்வு எழுதியபோது, ‘அடுத்து என்ன?’ என்று கேட்காதவர் உண்டா? மாமா கேட்டார், அடுத்த வீட்டு அத்தை கேட்டார், இரயிலில் எதிரே அமர்ந்தவரும் கேட்டார். மூளை முடக்குவாதமோ, அறிவு வளர்ச்சிக் குறைவோ, ஆட்டிசமோ உடைய பிள்ளையை யாரும் அவ்வாறு கேட்பதில்லை. ‘பாவம், வீட்டில் இருக்கட்டும்’ என்று விடை முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி அளிக்கிறது. அதுவரை காலையில் கிளம்பிச் செல்ல ஓரிடம் உண்டு. மறுநாள்? உயர்கல்வியில் நூற்றுக்கு 5 இடமும், அரசு வேலையில் 4 இடமும் ஒதுக்கப்பட்டிருப்பது மெய்தான். தேர்வே எழுத இயலாத பிள்ளைக்கு அவற்றால் என்ன பயன்?

அமெரிக்க நாட்டில் 1990இல் வந்த சட்டப்படி, மாணவர் 16 வயதை எட்டும்போது பள்ளிக்குப் பிந்திய வாழ்வுக்கான திட்டத்தைப் பள்ளியே எழுதவேண்டும். அக்கூட்டத்துக்கு மாணவரையும் அழைக்கவேண்டும். நம் சட்டத்தில் அக்கட்டளை இல்லை. ஆகவே வீட்டாரும் ஆசிரியரும்தாம் அதனை எழுதவேண்டும்.

விஜயபுரத்தில் 14 வயதுப் பெண் ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவளுக்குப் பிடித்தது பூத் தொடுப்பதா, துணி மடிப்பதா என்று சில மாதம் கவனிக்கவேண்டும். பிறகு அதனை வகுப்பில் அன்று, கடையிலேயே பழக்கவேண்டும். ஏனெனில் அறிவு வளர்ச்சி குறைந்தோர் ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் பொருத்திக்கொள்வது கடினம். வகுப்பில் அட்டைக் காசை எண்ணியவள், கடையில் உண்மைக் காசைக் கண்டு திகைப்பாள். பேருந்து ஏறுவதும், மீதிச் சில்லறை வாங்குவதும், கழிப்பறை எங்கே என்று கேட்பதுங்கூடப் பாடங்களே. நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு! பேச இயலாத பிள்ளைக்குப் படப்பலகை செய்வோர் இரு மொழியிலும் எழுதுவது நலம். பாட்டியும் படிக்கவேண்டும், கடைக்காரரும் படிக்கவேண்டும்.

18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான பாதுகாவல் உரிமை முடிகிறது. பலர் இதனை வங்கியில்தான் அறிகின்றனர்! 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, முன்சொன்ன மூன்று குறைபாடுகளுக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கும் மாவட்ட ஆட்சியரின் குழுவிடம் பாதுகாவலுக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எந்த ஆட்சியர் என்று தெரிந்துகொண்டு செல்க. நியமனம் பெற்றவர் 6 மாதத்துக்குள் சொத்துக் கணக்கைத் தரவேண்டும். எல்லாருக்கும் இது தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அவர் விருப்பத்தை ஒட்டியே துணையிருக்கும் பாதுகாவலரையும் அனுமதிக்கிறது. நிலத்தை விற்க அப்பெண்ணுக்குத் துணை வேண்டியிருக்கலாம். தன் கூலியில் வளையல் வாங்க யாருடைய கையொப்பமும் வேண்டுவதில்லை.