பேர் போட்ட காலம், பேர் பொருத்தும் காலம்

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆளின் பெயர் மட்டுமில்லை, ஒரு நாள் வேலையும் பேர்தான். "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று கேட்டால், எத்தனை நாள் மலைக்குப் போனாய் என்று அர்த்தம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் விழாவிட்டால் அன்றைய உழைப்புக்குக் கணக்கில்லை.

நான் இப்போது கொழும்பில் செய்கிற வேலையும் பேரோடுதான். வெவ்வேறு இடங்களில் கிடக்கும் பதிவுகளை எடுத்து, எது யாருடையது என்று பொருத்தி, ஒரே அட்டவணையாக்கும் மென்பொருள்களை இயக்குகிறேன். தரவு ஒருங்கிணைப்பு என்கிறார்கள். ஊருக்குப் போய்ப் பழைய கடதாசிகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வேலை எங்கள் பதுளைப் பக்கத்துப் பசறையிலும் நமுனுகுலவிலும் ஸ்பிரிங்வெளியிலும் நூறு வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது என்று தோன்றும்.

அன்றைய முதல் கருவி 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆளோடு சேர்ந்து கடனும் தோட்டம் மாறும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அதற்கு முன்பே, கடல் கடந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லையை மாட்டிவிட்டிருந்தார்கள். வழியில் ஒருவரையும் தவறவிடாமல் தோட்டத்தில் ஒப்படைப்பதற்காக! இன்றைய மென்பொருள்காரர்கள் ஆளுக்கொரு தனி எண் வேண்டும் என்று வற்புறுத்துவதைக் கேட்கும்போது எனக்கு அந்தத் தகரம்தான் நினைவுக்கு வரும்.

பிறகு செக்ரோல். காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுப்பது, மலையில் கணக்கப்பிள்ளை குறிப்பது, கொழுந்து மடுவத்தில் நிறுப்பது என மூன்று இடத்துக் கணக்கும் மாலையில் கிளாக்கரின் மேசையில் ஒன்று சேரும். எங்கள் தோட்டத்தில் மாரியாயி என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். கிளாக்கர் ஐயாவுக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. பத்தாம் நம்பர் லயத்து (வரிசை வீட்டு) மாரியாயி, கங்காணி மருமகள் மாரியாயி என்று அவர் தலைக்குள் இன்னொரு பேரேடு இருந்தது. ஆனால் அவர் பென்ஷன் வாங்கிப் போனபோது அந்தப் பேரேடும் அவரோடு போய்விட்டது.

தாளில் மிஞ்சியது ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர் மட்டும். அதைத் திரும்பத் தமிழில் வாசித்த ஒருவர் 'மரியாய்' என்றார். சிங்களத்தில் எழுதிய இன்னொருவர் வேறு மாதிரி எழுதினார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் ஒன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் நாடிழந்து, 1964 ஒப்பந்தத்தில் இலங்கை, இந்தியா என்ற இரண்டு நாடுகளுக்கிடையில் பங்கு பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த மக்களுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புது விண்ணப்பம், அதில் ஒரு புது எழுத்துக்கூட்டு. என் அம்மாயி முப்பது வருடம் கொழுந்தெடுத்தார். ஓர் எழுத்து மாறியிருந்ததால், தன் சேமலாபப் பணத்துக்குச் சத்தியக் கடதாசியும் கையுமாக இரண்டு வருடம் அலைந்தார்.

இன்று இப்படிச் சிதறிய பதிவுகளைச் சேர்க்கும் கருவிகளுக்குக் குறைவில்லை. 2005இல் திறந்த மூல மென்பொருளாக வந்த கெட்டில், அடுத்த வருடம் பென்டஹோ நிறுவனத்தோடு சேர்ந்தது. அதே 2006இல் டாலண்ட் ஓப்பன் ஸ்டூடியோ வந்தது. இரண்டிலும் படங்களை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைத்தால் வேலை நடக்கும். நான் தொழில் பழகியது டாலண்டில். 2024 ஜனவரியோடு அதன் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். கெட்டிலிலிருந்து கிளைத்த அப்பாச்சி ஹாப்புக்கு மாறினேன். எந்தப் பதிப்பு வேகமானது, எது எத்தனை தரவுத்தளங்களோடு பேசும் என்று ஒப்பிடுகிற பட்டியல்கள் நிறைய உண்டு. நான் அவற்றைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, பெயரைப் பொருத்துவதற்கு அது என்ன வைத்திருக்கிறது என்பதை.

அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற முறை இன்னும் பல கருவிகளில் இருக்கிறது. முதலெழுத்தை வைத்துக்கொண்டு, பின்னால் வரும் உயிரொலிகளை விட்டுவிட்டு, மெய்யொலிகளை எண்ணாக்கும். அதில் மாரியாயி, மேரி, மீரா மூவருக்கும் ஒரே குறியீடுதான்: எம் 600. எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு பெயர் மற்றதாகும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் முறை எங்கள் பெயர்களுக்கு அதைவிட ஒத்துவருகிறது. ஆனாலும் நான்கு மாரியாயிகளையும் அது ஒருத்தியாக்கிவிடும். பெயரோடு பிறந்த ஆண்டு, கணவர் பெயர், லயத்து இலக்கம் இத்தனையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கொஞ்சம் நம்பலாம்.

எண்ணை வைத்துப் பொருத்தலாமே என்பீர்கள். அடையாள அட்டைக்கும் இரண்டு பதிப்பு. பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கம். மாற்றுவது எளிது: முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு சுழியம் போட்டால் சரி. பெண்களுக்கு அந்த மூன்று இலக்கத்தில் 500 கூட்டியிருக்கும். இதுவரை கருவி பார்த்துக்கொள்ளும். சேமலாப நிதி எண் அப்படியில்லை. அதில் தொழில்தருநரின் இலக்கமும் சேர்ந்தே இருக்கிறது. 1970களில் அரசு எடுத்து, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்த தோட்டங்களில் வாழ்நாளெல்லாம் வேலை செய்தவர்களின் பதிவுகளை எண்ணை மட்டும் பார்த்து ஒன்றாக்க முடியாது.

பதிவுகள் பொருந்தாமல் கிடப்பதன் விலை ஒருநாள் தெரிந்தது. 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. அன்று எல்லோரும் கேட்ட கேள்வி "எத்தனை பேர்?" நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். நாளுக்கு நாள் எண் மாறியது. தோட்டத்தின் பட்டியலும், கிராம சேவகரின் பட்டியலும், வாக்காளர் இடாப்பும், பள்ளிக்கூட வரவுப் பதிவும் முன்பே ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தால், மண்ணைத் தோண்டியவர்களுக்கு எந்த அறையில் யார் இருந்தார்கள் என்றாவது தெரிந்திருக்கும். அந்த வாரத்தில்தான் இந்தத் தொழிலை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மடிக்கணினியோடு போகிறேன். சில இடங்களில் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. அந்தக் கணக்கு நேராகக் கணினிக்குப் போகிறது. நான் பார்ப்பது அதற்கு முந்தைய கடதாசிகளை. உறவுக்காரர்கள் கொண்டுவரும் சான்றிதழ்களையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் பதிந்து ஹாப்பில் ஓட்டுகிறேன். பொருந்தியது, பொருந்தாதது, சந்தேகம் என்று மூன்று பட்டியல் வரும். சந்தேகப் பட்டியலை அச்செடுத்து அம்மாயியின் லயத்து வாசலுக்குக் கொண்டுபோவேன். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவர் சொல்லிக்கொண்டு வருவார்: "இது மேக்கணக்கு மாரியாயி. அவ மக பதுளையில தையக்கடையில நிக்கிது. இது அவ இல்ல சாமி, இது வேற ஆளு."