பின்விளக்கை எல்இடிக்கு மாற்றியாச்சு... சிக்னல் ஏன் படபடக்கிறது?

வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துப் பழைய காரையே ஓட்டுபவரா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் காரின் பின்விளக்குகளில் இருப்பது பெரும்பாலும் பழைய ரக பல்புதான். உள்ளே மெல்லிய இழை சூடாகி ஒளி தரும் பல்பு.

அதற்குப் பதிலாகப் பொருந்தும் எல்இடி பல்புகள் இணையத்தில் சில வெள்ளிக்கே கிடைக்கின்றன. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் போதும். அஞ்சு நிமிட வேலை.

தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சிக்னல் போட்டால் படபடவென்று துடிக்கும். காரை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரியும். பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத விளக்கு ஒன்று வந்து போகும்.

பல்பு கெட்டதா, கார் கெட்டதா? பல நேரங்களில் இரண்டும் இல்லை.

மாற்றுவதில் லாபம் இருக்கிறதா?

இருக்கிறது. பழைய பல்பின் இழை முழுதாக ஒளிர சுமார் 0.2 விநாடி ஆகும். எல்இடி டக்கென்று எரிந்துவிடும். விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், அந்த 0.2 விநாடியில் 5 மீட்டர் ஓடிவிடும். உங்கள் பிரேக் விளக்கு அவ்வளவு முன்னதாகவே பின்னால் வருபவரின் கண்ணில் படும்.

ஆனால் பல்பை மாட்டியது சரியாக இருந்தால்தான் அந்த லாபம்.

சிக்னல் படபடப்பது ஏன்?

பழைய சிக்னல் பல்பு ஒன்று பொதுவாக 21 வாட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் 5 வாட்டில் சின்னது ஒன்று. ஆக ஒரு பக்கத்துக்கு 47 வாட். சிக்னலை மினுக்கவைக்கும் ரிலே அந்த அளவு மின்சாரத்தை எதிர்பார்த்தே வேலை செய்கிறது.

பின் பல்பை மட்டும் 3 வாட் எல்இடிக்கு மாற்றினால் மொத்தம் 29 வாட்டுக்கு இறங்கிவிடும். "ஒரு பல்பு போச்சு" என்று ரிலே முடிவுகட்டி, வேகமாக மினுக்கி உங்களுக்குச் சொல்கிறது. அது கோளாறு இல்லை, எச்சரிக்கை. பாவம், அது தன் வேலையைத்தான் செய்கிறது!

அதை அப்படியே விட்டுவிடவும் முடியாது. சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டும் என்பது ஐநா வாகன விதிமுறை.

இரண்டு வழிகள் உண்டு. உங்கள் காரில் ரிலே தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால், எல்இடிக்கென்று வரும் ரிலேயை மாட்டலாம். சுத்தமான வழி அதுதான். ஒரே குறை, பிறகு நிஜமாகவே பல்பு போனாலும் பெரும்பாலும் கார் உங்களிடம் சொல்லாது. அவ்வப்போது நீங்களே இறங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

புதிய கார்களில் அந்த வேலையைக் கணினியே செய்வதால் ரிலேயை மாற்ற முடியாது. அங்கே ரெசிஸ்டர்தான். வழக்கமாக 6 ஓம், 50 வாட் ரகம். அதைப் பல்புக்கு இணையாக இணைக்க வேண்டும். பல்புக்குப் போகும் கம்பியை வெட்டி நடுவில் வைக்கக் கூடாது.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இன்ஜின் ஓடும்போது அந்த ரெசிஸ்டர் 30 வாட்டுக்கும் மேலான மின்சாரத்தை வெப்பமாக மாற்றுகிறது. தொட்டால் கை வெந்துவிடும். சிக்னலிலாவது விட்டுவிட்டு எரியும். பிரேக் விளக்கில் வைத்துவிட்டு நெரிசலில் மிதித்தபடியே நின்றால் சூடு ஏறிக்கொண்டே போகும். இருபக்க டேப்பில் ஒட்டிப் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் செருகுவது ஆபத்து. காரின் உலோகப் பாகத்தில் திருகாணி போட்டுப் பொருத்த வேண்டும், மற்ற கம்பிகளிலிருந்து தள்ளி. மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான் எல்இடி வாங்கினேன் என்றால், அந்த மிச்சமும் இதில் போய்விடும்.

அணைத்த பிறகும் எரிகிறதே?

சில கார்களின் கணினி, பல்பு நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய அவ்வப்போது மிகச் சிறிய மின்துடிப்பை அனுப்பும். இழை அதற்குச் சூடாகாது. எல்இடிக்கோ அது போதும், லேசாக ஒளிரும். அதைச் சமாளிக்க "கேன்பஸ்" என்று போட்டு விற்கும் பல்புகளில் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும். அவையும் சூடாகும்.

எரியவே இல்லையா? செருகும் ரகம் என்றால் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். எல்இடிக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக்கூடாது.

பிரேக்கை மிதித்தால் வேறு விளக்கு எரிகிறதா? பழைய பல்பை மறுபடி போடுங்கள். கோளாறு மறைந்தால் குற்றவாளி புதிய பல்பு. மறையவில்லை என்றால் பல்பு உட்காரும் சாக்கெட்டைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால், அல்லது எர்த் கம்பி தளர்ந்திருந்தால், காரணம் அதுதான். நம்மூர் ஈரப்பதத்தில் இது சகஜம்.

நிறம் முக்கியமா?

ரொம்ப. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடி, மஞ்சளுக்கு மஞ்சள். வெள்ளை எல்இடி கையில் பிடித்துப் பார்க்கும்போது கண் கூசும். ஆனால் அதன் ஒளியில் சிவப்பு குறைவு. சிவப்புக் கண்ணாடியோ மற்ற நிறங்களைத் தடுத்துவிடும். முடிவில் வெளிறிய, மங்கிய வெளிச்சம்தான் மிஞ்சும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பல கார்களில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்புதான்: 5 வாட் இழை ஒன்று, 21 வாட் இழை ஒன்று. மலிவான சில எல்இடிகளில் இந்த இரண்டு நிலைக்கும் வித்தியாசம் அதிகம் இருக்காது. இரவில் நீங்கள் பிரேக் பிடித்ததே பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகலாம். படபடக்கும் சிக்னலையாவது நீங்கள் கவனிப்பீர்கள். இதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கவனிக்கவே முடியாது.

சோதிப்பது சுலபம். இரவில் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்துங்கள். விளக்கைப் போட்டுக் கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். பிரேக்கை மிதித்ததும் சிவப்பு 'பளிச்'சென்று கூட வேண்டும். நடுவில் மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு ஏமாற்றிவிடும், அதனால் சுவரின் இரு ஓரங்களையும் கவனியுங்கள். பிறகு பகலில் யாரையாவது மிதிக்கச் சொல்லிவிட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். நேராகவும், சற்றுப் பக்கவாட்டிலிருந்தும்.

பத்து வயதைத் தாண்டிய கார் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். எந்த மாற்றத்துக்கு அனுமதி தேவை, எதற்கு அனுமதியே இல்லை என்ற விவரங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் உள்ளன. வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய பல்புகளைத் தூக்கிப் போடாமல் காரிலேயே வைத்திருங்கள்.