மரம் ஏறிய மீன்! மழைக் காலத்தில் ஏரிக்குள் நடப்பது என்ன?

1791-ம் ஆண்டு, நவம்பர் மாதம். இடம்: தரங்கம்பாடி.

அப்போது தரங்கம்பாடி டென்மார்க் நாட்டுக்காரர்கள் வசம் இருந்தது. டால்டார்ப் என்ற ராணுவ அதிகாரி அங்கே வேலை பார்த்தார். ஒரு குளத்தின் கரையில் நின்ற பனைமரத்தில் அவர் ஒரு அதிசயத்தைக் கண்டார்.

தண்ணீருக்கு மேலே 5 அடி உயரத்தில், மரத்தின் பட்டை வெடிப்பில், ஒரு மீன்!

அது செத்த மீன் அல்ல. உயிருள்ள மீன். செவுளில் உள்ள முள்ளை ஊன்றி மேலும் மேலும் ஏறப் பார்த்தது என்று அவர் எழுதினார். லண்டனில் உள்ள லின்னேயன் சங்கத்துக்கு அந்தச் செய்தியை அனுப்பினார். 1797-ல் அது அச்சாகி வந்தது. வெள்ளைக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

நம் ஊர்க்காரர்கள் அப்படி வியந்திருக்க மாட்டார்கள். அந்த மீனுக்குத் தமிழில் பெயரே "பனையேறிக் கெண்டை"தான்!

உண்மையிலேயே அது மரம் ஏறுமா? பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. காக்கையோ பருந்தோ தூக்கிக் கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கலாம் என்கிறார்கள். ஆனால் இந்த மீன் தரையில் நடக்கும். அதில் சந்தேகமே இல்லை. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு அதற்கு உண்டு. மழை பெய்து தரை ஈரமாக இருக்கும் இரவில், ஒரு குட்டையை விட்டு இன்னொரு குட்டைக்குப் போய்விடும்.

டால்டார்ப் அதைக் கண்டது நவம்பரில். அதாவது ஐப்பசி, கார்த்திகை. நம் நாட்டு மீன்கள் எல்லாம் இடம் மாறும் காலம் அது.

புதுத் தண்ணீர்

தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரிகள் இந்த மழையைத்தான் பெரும்பாலும் நம்பி இருக்கின்றன.

கோடையில் ஏரி வற்றிக் கிடந்தது அல்லவா? அங்கே ஆடு மாடு மேய்ந்தது. புல் முளைத்தது. சாணம் விழுந்தது. இப்போது அதன் மேல் தண்ணீர் நிற்கிறது. புல்லும் சாணமும் ஊறுகின்றன. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் பாசியும் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. மீனுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

அப்படியானால் வலையை வீசியதும் மீன் அள்ளலாம் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! கோடையில் ஒரு குட்டைக்குள் நெருக்கி அடித்துக் கிடந்த மீன், இப்போது ஏரி முழுக்கப் பரவி விடுகிறது. வீரநாராயண ஏரி என்னும் வீராணம் நிரம்பினால் பல கிலோ மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதில் மீனை எங்கே தேடுவது? மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஊரே திரண்டு ஊத்தாவும் கச்சாவும் கொண்டு இறங்கும் மீன்பிடித் திருவிழாவைத் தண்ணீர் வற்றும் காலத்தில் வைத்திருக்கிறார்கள். காரணம் இதுதான்.

மழைக் காலத்தில் மீன் பிடிக்க வேண்டுமானால், அது எங்கே கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாய்க்கால் வந்து ஏரியில் விழும் இடம் ஒன்று. புதுத் தண்ணீர் மண்புழுவையும் பூச்சியையும் அடித்துக் கொண்டு வரும். அதைத் தின்ன மீன் காத்திருக்கும். கலங்கல் தண்ணீரில் கெளுத்திக்குக் கொண்டாட்டம். அதற்குக் கண் தேவையில்லை. மீசையாலேயே இரையைக் கண்டுபிடித்துவிடும். மண்புழுவைக் கோத்த தூண்டிலைத் தரையோடு போட்டால் போதும். கட்லா, ரோகு போன்ற செதில் மீன்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் தெளிய வேண்டும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆன பிறகுதான் அவை நன்றாக இரை எடுக்கும்.

ஒரே ஏரியில் இருந்தாலும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு மாடி. தோப்பா மீன் என்று சொல்லப்படும் கட்லா மேல் தண்ணீரில் மேயும். ரோகு நடுவில். மிருகால் அடியில். விராலோ கோரைப் புல் ஓரத்தில் பதுங்கிக் கிடக்கும். தவளைக் குஞ்சைக் கண்டால் பாயும்.

வெயில் இல்லாமல் நாலைந்து நாள் மூடமாகவே இருந்தால் இன்னொரு காட்சியைப் பார்க்கலாம். விடியற்காலையில் மீன்கள் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மீனுக்குப் பசி என்று சிலர் பொரியைத் தூவுவார்கள். பாவம், மீனுக்கு மூச்சுத் திணறல்! வெயில் பட்டால்தான் தண்ணீரில் உள்ள பாசி பிராணவாயுவை வெளியிடும். வெயில் இல்லை என்றால் பிராணவாயு குறைந்துவிடும். இரவு முழுவதும் செலவாகி, விடியும்போது மிகவும் குறைவாக இருக்கும். மீன் வளர்க்கிறவர்கள் அன்றைக்குத் தீனி போடுவதை நிறுத்தி, புதுத் தண்ணீர் விடுவார்கள்.

சினை மீன் ஏறும் நாள்

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

முதல் வெள்ளம் வந்ததும் கெண்டை, கெளுத்தி போன்ற மீன்கள் தண்ணீரை எதிர்த்து ஏறத் தொடங்கும். வாய்க்காலில் ஏறும். வயல் வரப்பு உடைப்பில் ஏறும். சாலையில் ஓடும் தண்ணீரில்கூட ஏறும். கிராமத்தில் பிள்ளைகளுக்கு அன்று பள்ளிக்கூடம் நினைவிருக்காது. துண்டு, கூடை, கொசுவலை, கையில் கிடைத்தது எல்லாம் வலைதான். குறுகிய இடத்தில் பறியை வைத்துவிட்டால், காலையில் தூக்க முடியாத அளவு மீன் விழுந்திருக்கும்.

ஏன் அவை ஏறுகின்றன? முட்டையிட! அன்று பிடிபடும் மீனின் வயிற்றைப் பார்த்தால் தெரியும். பாதிக்கு மேல் சினைதான்.

சினை மீன் ருசி என்று சொல்லிப் பிடித்துத் தின்று விடுகிறோம். ஒரு சின்னக் கெண்டையின் வயிற்றில் இருப்பது ஆயிரக்கணக்கான முட்டை. அவை எல்லாம் மீனாகி விடாது, உண்மைதான். பாம்பும் கொக்கும் தின்றது போக மிஞ்சுவது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் இருந்துதான் அடுத்த ஆண்டு மீன் வர வேண்டும். வாய்க்காலை அடைத்துப் பறி போட்டுவிட்டு, "முன்பெல்லாம் எவ்வளவு மீன்! இப்போது இல்லையே!" என்று பெருமூச்சு விட்டால் மீன் எங்கிருந்து வரும்?

விராலின் கதை இன்னும் உருக்கமானது. ஆணும் பெண்ணும் சேர்ந்து புல்லுக்கு நடுவே இடம் செய்து முட்டையிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறமாக ஒரே பந்து போலத் திரண்டு நீந்தும். தாயும் தகப்பனும் கீழே காவல். யாராவது கிட்டே போனால் பாயும். இதைத் தெரிந்த தூண்டில்காரர்கள், அந்தச் சிவப்புப் பந்தைக் கண்டதும் அதன் மேல் தூண்டிலைப் போடுவார்கள். குஞ்சைக் காப்பாற்றப் பாய்ந்து வந்து பெரிய விரால் மாட்டிக் கொள்ளும். ஒரு விரால் கிடைத்தது. ஆனால் காவல் போன அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். இப்படிப் பிடிப்பது கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொசுவலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் நீளக் குஞ்சுகூட அதில் தப்பாது. அதைவிடக் கொடியது கரண்டு வைத்துப் பிடிப்பது. மின்சாரக் கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் விடுகிறார்கள். மீனும் சாகும், சில சமயம் மனிதனும் சாவான். தோட்டா வெடிப்பதும் விஷம் கலப்பதும் 1897-ம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

வலையா, ஊரா?

கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை வட நாட்டு நதிகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். ஏரியில் எவ்வளவு கொழுத்தாலும் குஞ்சு பொரிக்காது. அதனால் அந்தக் காலத்தில் ஆற்றுக்குப் போய் குஞ்சைச் சேகரித்து வருவார்கள். 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி ஒரு வழி கண்டார். மீனின் மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றி, தொட்டி போன்ற நீரிலேயே முட்டையிட வைத்தார். இன்று நம் ஏரிகளில் விடும் குஞ்சுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

குத்தகைக்காரர் மீன்பாசி ஏலம் எடுக்கிறார். கடன் வாங்கிக் குஞ்சு விடுகிறார். தை, மாசியில் பிடித்துக் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். கார்த்திகையில் அடைமழை பெய்து ஏரி நிரம்புகிறது. கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிகிறது. தண்ணீரோடு மீனும் போகிறது! அவர் கண் முன்னே அவருடைய பணம் வாய்க்காலில் ஓடுகிறது.

உடனே சிலர் என்ன செய்கிறார்கள்? கலங்கலின் குறுக்கே மூங்கில் தட்டியும் வலையும் கட்டுகிறார்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு ஆகாயத்தாமரையும் குப்பையும் முள்ளும் வந்து அதில் அடைக்கும். தண்ணீர் போக வழி இல்லை. ஏரியில் மட்டம் ஏறும். கரையில் பலவீனமான இடம் எதுவோ, அங்கே உடைப்பு! கீழே இருக்கும் நெல் வயலும் வீடும் போகும்.

குத்தகைக்காரர் மேல் கோபப்படுவது சுலபம். அவருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் கலங்கல் என்பது ஊரின் உயிர். அதை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை. அனுபவசாலிகள் ஏரி நிரம்பும் முன்பே பெரிய மீனில் ஒரு பகுதியைப் பிடித்து விற்றுவிடுகிறார்கள். மழை எச்சரிக்கை வந்த பிறகு வலை தேடுவதில்லை.

கலங்கலுக்குக் கீழே நின்று மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழிந்து விழும் தண்ணீர் கீழே சுழலும். இடுப்பளவு ஆழம்தான் என்று இறங்கியவரை அது உள்ளே இழுத்துவிடும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். மேலே மதகு திறந்தால் நிமிஷத்தில் மட்டம் ஏறும். 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தது. தண்டோரா போட்டாலும் சங்கு ஊதினாலும், உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும். இடி மின்னல் நேரத்தில் தூண்டில் கம்போடு வெட்டவெளியில் நிற்பதும் ஆபத்து. மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். பிள்ளைகளைத் தனியே ஏரிக்கு அனுப்பாதீர்கள்.

மேட்டூரில் வேறு கணக்கு

காவிரிக்கு மட்டும் கணக்கு வேறு. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. அதற்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் குடகு மலையில் பெய்யும் தென்மேற்கு மழையால். ஆகவே ஆடி, ஆவணியிலேயே அணையில் தண்ணீர் ஏறிவிடும். 120 அடி நிறைந்தால் ஊரே மகிழும். பரிசல் போட்டு வலை விரிக்கும் மீனவர் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி குறைவு. தண்ணீர் கூடினால் மீன் பரவிவிடும். வலை வெறுமனே வரும். மட்டம் இறங்க இறங்க அவருக்கு நல்ல காலம்.

உபரித் தண்ணீரை விடும் 16 கண் மதகை மூடியதும் ஒரு வேடிக்கை உண்டு. பாறைக் குட்டைகளில் மீன்கள் சிக்கிக் கொள்ளும். அவற்றைப் பிடிக்கக் கூட்டம் ஓடும். மறுபடி எப்போது மதகு திறக்கும் என்பதை மீன் பிடிக்கும் ஆசையில் மறந்துவிடுகிறார்கள்!

அழையாத விருந்தாளிகள்

1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்ட ஜிலேபிக் கெண்டையை எல்லோருக்கும் தெரியும். எந்தத் தண்ணீரிலும் பெருகும். நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக் கொண்டது. ஆனாலும் ஏழை வீட்டுச் சட்டிக்கு உதவுகிறது. "டேங்க் கிளீனர்" என்று கண்ணாடித் தொட்டிக்கு வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடும் மீன் அப்படியும் உதவாது. உடம்பெல்லாம் முள் ஓடு. வலையைக் கிழிக்கும். விற்கவும் முடியாது. வெள்ளத்தில் ஒரு ஏரியில் இருந்து அடுத்த ஏரிக்குப் பரவுகிறது. தொட்டி மீன் வேண்டாம் என்றால், தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள்.

சந்தையில்

புரட்டாசியில் பல வீடுகளில் மீன் சமைப்பதில்லை. ஐப்பசி பிறந்ததும் கூட்டம் கூடும், விலை ஏறும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டில் மறுபடி நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் பேரம் பேச அது நல்ல சமயம்.

விரால், கெளுத்தி இரண்டையும் உயிரோடு விற்பார்கள். துள்ளுவதாகப் பார்த்து வாங்குங்கள். கட்லா வாங்கினால் செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழுந்திருந்தால் வேண்டாம். மழைக் காலத்து ஏரி மீனில் சேற்று வாடை இருக்கும். கல் உப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, புளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் போய்விடும்.

மதுரைப் பக்கத்து அயிரை மீனுக்கு மட்டும் வேறு முறை. உயிருள்ள மீனைப் பாலில் போடுவார்கள். அது வயிற்றில் உள்ள மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண்சட்டியில் கல் உப்போடு உரசிக் கழுவி, குழம்பு நன்றாகக் கொதித்து வற்றி வரும்போது கடைசியில் போடுவார்கள். முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும். கரண்டியால் கிண்டவும் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றி இறக்க வேண்டும்.