ஜவ்வாது மலைக்கு வேன்ல போறீங்களா? நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும்: "இந்த வீக்கெண்ட் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி. 12 பேர் ரெடி. வேன் மட்டும் பேசணும்." அடுத்த மெசேஜ் இப்படி வரும்: "எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன்கிட்ட ஒயிட் போர்டு வேன் இருக்கு, 3,000 ரூபாய் கம்மியா வரும்."

12 பேர்னா ஆளுக்கு 250 ரூபாய் மிச்சம். அந்த 250 ரூபாய்க்காக நீங்க எதை விட்டுக்கொடுக்கறீங்கன்னு இன்னிக்குப் பார்ப்போம்.

முதல்ல ஒரு சம்பவம். 2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் ஜவ்வாது மலையில, புதூர்நாடு பகுதி மக்கள் செம்பரை கோயிலுக்கு ஒரு வேன்ல போனாங்க. வேன் பள்ளத்துல கவிழ்ந்து 11 பேர் இறந்துட்டாங்க. அந்த வழக்கைப் பத்தி நான் பேச வரல. ஆனா மலைப்பாதையில ஒரு வேன் கவிழ்ந்தா ஒரே நிமிஷத்துல எத்தனை குடும்பம் நிலைகுலையும்னு அந்த நாள் நமக்குச் சொல்லுது. அதுக்கு அப்புறம் அந்தக் குடும்பங்களுக்குப் பணம் யார் கொடுப்பாங்க? இந்தக் கேள்விக்குப் பதில் வேனோட பேப்பர்லதான் இருக்கு.

போர்டு கலர்தான் முதல் சட்டம்

மஞ்சள் போர்டுல கறுப்பு எழுத்து இருந்தா வாடகை வண்டி. கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருந்தா நாமே ஓட்டிட்டுப் போற வாடகை வண்டி. வெள்ளை போர்டுல கறுப்பு எழுத்து இருந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும். வெள்ளை போர்டு வேனை வாடகைக்கு ஓட்டினா பெர்மிட் இல்லாம ஓட்டினதாத்தான் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 192ஏ-படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரைக்கும் சிறைத் தண்டனையும் உண்டு.

அபராதம் வண்டிக்காரர் தலையில, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. நம்ம பிரச்சினை இன்சூரன்ஸ்ல இருக்கு. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில "வாடகைக்கு ஓட்டக் கூடாது"ங்கறது ஒரு நிபந்தனை. அதை மீறினா, கம்பெனி கிளெய்மை எதிர்த்துக் கோர்ட்ல நிற்கலாம்.

எந்த வண்டியில உட்கார்ந்தா யாருக்கு கவர்?

வாடகைப் பயணிகள் வண்டி (மஞ்சள் போர்டு): சாதாரண தேர்ட் பார்ட்டி பாலிசியிலேயே பயணிகளையும் சேர்த்தாகணும். இது சட்டக் கட்டாயம்.

நண்பரோட சொந்த வேன்: பேக்கேஜ் பாலிசியா இருந்தா உள்ள இருக்கறவங்களுக்கும் கவர் இருக்கும். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும்னா, மோதி அடிபட்ட வெளி ஆளுக்குக் கிடைக்கும், உள்ள உட்கார்ந்திருந்த உங்களுக்குக் கிடைக்காது.

சரக்கு வேன்: பஸ் குறைவா இருக்கற மலைக் கிராமங்கள்ல கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இதுல ஏறிப் போறது சகஜம். ஆனா சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போறவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு உச்ச நீதிமன்றம் 2002-லயே ஆஷா ராணி வழக்குல சொல்லிடுச்சு. சரக்கோட உரிமையாளர், அவரோட பிரதிநிதி இவங்களுக்குத்தான் சட்டத்துல இடம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

28 வயசு, கல்யாணம் ஆகல, நிரந்தர வேலை, வரி போக மாசம் 40,000 ரூபாய் கைக்கு வருதுன்னு வைங்க. விபத்துல இறந்தா கோர்ட் இழப்பீட்டை இப்படிக் கணக்குப் போடும்:

வருஷ வருமானம் 4.8 லட்சம். எதிர்கால சம்பள உயர்வுக்கு 50% சேர்த்தா 7.2 லட்சம். கல்யாணம் ஆகாதவங்க சொந்தச் செலவுன்னு பாதியைக் கழிச்சா 3.6 லட்சம். 26-லிருந்து 30 வயசு வரைக்கும் பெருக்கல் எண் 17. மொத்தம் 61.2 லட்சம்.

வேன் பேப்பர் சரியா இருந்தா இந்தப் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். சரியில்லைன்னா வண்டி ஓனர்கிட்டதான் கேட்கணும். ஒரு பழைய வேனைத் தவிர வேற சொத்து இல்லாத மனுஷர்கிட்ட 61 லட்சத்தை எப்படி வசூல் பண்ணுவீங்க? உங்க அம்மா அப்பா கையில தீர்ப்பு இருக்கும், பணம் இருக்காது. 250 ரூபாய் மிச்சத்தோட உண்மையான விலை இதுதான்.

சில வழக்குல "முதல்ல கம்பெனி கொடுக்கட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வாங்கிக்கட்டும்"னு கோர்ட் சொல்றதும் உண்டு. அது கிடைக்கும்னு நம்பி டூர் போக முடியாது. ஒருவேளை அந்த ஓனர் நீங்களா இருந்தா, அந்த வசூல் உங்க சம்பளத்தைத் தேடித்தான் வரும். சைடு வருமானத்துக்கு வேன் வாங்க நினைக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

"நானே ஓட்டறேன் மச்சி" சொல்றவருக்கு

கார் ஓட்டற எல்.எம்.வி. லைசென்ஸ் வெச்சு வாடகை வேன் ஓட்டலாமா? மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கற வண்டிக்கு லைசென்ஸ்ல தனி 'டிரான்ஸ்போர்ட்' முத்திரை வேண்டாம்னு 2024 நவம்பர் 6-ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு சொல்லிடுச்சு. இது லைசென்ஸுக்கு மட்டும்தான். பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அப்படியேதான் வேணும். லைசென்ஸே இல்லாத ஆள்கிட்ட சாவியைக் கொடுத்தா ஓட்டினவருக்கு 5,000, கொடுத்த ஓனருக்கு 5,000 அபராதம்.

சட்டம் அனுமதிக்குதுங்கறதுக்காக ஈ.சி.ஆர். ரோட்ல கார் ஓட்டின அனுபவத்தை நம்பி, ஆள் நிறைஞ்ச வேனை மலை வளைவுல இறக்காதீங்க. இறக்கத்துல நியூட்ரல் வேண்டாம், லோ கியர்ல வாங்க. குறுகலான இடத்துல மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷ வேலை

1. எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போடுங்க. வண்டி வகை, எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி தெரியும். வாடகை வண்டிக்கு முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும்.

2. ஆர்.சி.-யில எத்தனை சீட்டுன்னு பாருங்க. கூடுதலா ஏறும் ஒவ்வொரு ஆளுக்கும் அபராதம் 200 ரூபாய்தான். தொகை சின்னதுன்னு ஏத்தாதீங்க, மலையில அந்தக் கூடுதல் எடையைத் தாங்க வேண்டியது பிரேக்.

3. பெர்மிட், இன்சூரன்ஸ் போட்டோ கேளுங்க. தயங்கினா வேற வேன் பாருங்க.

4. உங்க பேர்ல டேர்ம் இன்சூரன்ஸும், தனிநபர் விபத்து பாலிசியும் இருக்கட்டும். ஆபீஸ் குரூப் பாலிசி வேலையை விடற அன்னிக்கே போயிடும். உங்க டேர்ம் பாலிசி வேன் போர்டு என்ன கலர்னு கேட்காது.

டூர் போங்க, அருவியில குளிங்க, காவலூர்ல நட்சத்திரம் பாருங்க. ஆனா குரூப்ல "ஒயிட் போர்டு ஓகேவா?"ன்னு அடுத்த தடவை மெசேஜ் வந்தா, இந்த 61 லட்சம் கணக்கை அங்க போடுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!