எந்தப் பொறிக்கு எவ்வளவு சுமை?

பெரிய மருத்துவமனை, விமான நிலையம் போன்ற கட்டடங்களில் அறைக்கு அறை தனித்தனி ஏ.சி. பெட்டி இருப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே ஓரிடத்தில் தண்ணீரைச் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்து, குழாய்களின் வழியே கட்டடம் முழுவதும் அனுப்புகிறார்கள். அறைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது சுமார் 12 டிகிரியில் திரும்பி வருகிறது. அதை மீண்டும் குளிர்விக்கும் பொறிக்குச் 'சில்லர்' என்று பெயர்.

சில்லரின் திறனை 'டன்' கணக்கில் சொல்வார்கள். எடைக்குரிய சொல் குளிருக்கு எப்படி வந்தது? பொறிகள் வருவதற்கு முன் குளிரைத் தந்தது பனிக்கட்டிதான். பாஸ்டன் பகுதியிலிருந்து 1833இல் அது கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் 'ஐஸ் ஹவுஸ்' எழுந்ததும் அந்த வணிகத்திற்காகவே. 2000 பவுண்டு, அதாவது 907 கிலோகிராம் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும் வீதமே ஒரு டன். பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்கு 334 கிலோஜூல் என்று கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். ஏறத்தாழ 3.5 கிலோவாட் வரும்.

சில்லரின் இதயம் கம்ப்ரஸர் எனப்படும் அமுக்கி. ஆவியாக்கியில் தண்ணீரின் வெப்பத்தை உண்டு ஆவியாகும் குளிர்பொருளை அது உறிஞ்சி, அழுத்தி, வெளியே வெப்பத்தை விடும் பகுதிக்குத் தள்ளுகிறது. வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்குப் போகாது. தள்ளிவிட ஆற்றல் வேண்டும். மின்சாரம் செலவாவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய முறையில் கம்ப்ரஸரின் மோட்டார் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். குளிர் குறைவாகப் போதுமென்றால் வாயு நுழையும் வாயிலில் உள்ள தகடுகளைத் திருப்பி வழியைக் குறுக்குவார்கள். சைக்கிளை முழு வேகத்தில் மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பது போன்றது இது. புதிய முறையில் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே மின்னணுச் சாதனம் மாற்றுகிறது. 50 ஹெர்ட்ஸைக் குறைத்தால் வேகமும் குறையும். சுழலும் இறக்கைகளைக் கொண்ட பொறிகளில், ஏற்ற சூழ்நிலையில், தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் 80 சதவீதமானால் திறன் 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.512. ஏறத்தாழப் பாதி!

அப்படியானால் எல்லாவற்றையும் புதிய வகையாகவே வாங்கலாமே என்பீர்கள். அவற்றின் விலை அதிகம். முழுச் சுமையில் ஓடும்போது மின்னணுச் சாதனமே சிறிது ஆற்றலை வீணாக்கும். எனவே பல நிலையங்களில் இரு வகைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சுமையை எப்படிப் பங்கிடுவது?

நம் கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இரண்டு சில்லர்கள், ஒவ்வொன்றும் 500 டன். அவை வாங்கும் மின்திறன் இப்படி:

250 டன் சுமையில்: மாறா வேகப் பொறி 165 கிலோவாட்; மாறும் வேகப் பொறி 95 கிலோவாட்.
375 டன்னில்: முறையே 218, 165.
500 டன்னில்: இரண்டுமே 270.

கட்டடத்திற்கு 250 டன் போதுமென்றால் விடை எளிது: மாறும் வேகப் பொறியை மட்டும் ஓட்ட வேண்டும். 70 கிலோவாட் மிச்சம். பத்து மணி நேரத்தில் 700 யூனிட்!

750 டன் தேவைப்பட்டால்? 'சிக்கனமான பொறிக்கே முழு வேலையையும் கொடு' என்று மனம் சொல்லும். மாறும் வேகப் பொறிக்கு 500, மற்றதற்கு 250 கொடுத்தால் செலவு 270 + 165 = 435 கிலோவாட். சரிபாதியாக 375 வீதம் பிரித்தால் 218 + 165 = 383. தலைகீழாக, மாறா வேகப் பொறிக்கு 500, மாறும் வேகப் பொறிக்கு 250 கொடுத்தால் 270 + 95 = 365. இதுவே மூன்றிலும் குறைவு!

காரணம் என்ன? ஒரு பொறி மொத்தம் எவ்வளவு உண்கிறது என்பதைவிட, அடுத்த டன்னுக்கு எவ்வளவு கூடுதலாக உண்கிறது என்பதே முக்கியம். மாறா வேகப் பொறி ஓடத் தொடங்கியதுமே ஒரு பெரிய தொகையை விழுங்கிவிடுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் சுமார் 0.42 கிலோவாட்தான். மாறும் வேகப் பொறியோ குறைந்த சுமையில் மலிவு. 375இலிருந்து 500க்கு ஏறும்போது டன்னுக்கு 0.84 கிலோவாட் கேட்கிறது. எனவே மாறா வேகப் பொறியை ஓட்டினால் நிறைய வேலை வாங்குங்கள். ஏற்ற இறக்கத்தை மற்றதிடம் விடுங்கள்.

ஆனால் ஒரே தண்ணீரைப் பெற்று ஒரே வெப்பநிலைக்குக் குளிர்விக்கும் இரு பொறிகள் தாமாகவே சுமையைச் சமவிகிதத்தில் பகிர்ந்துகொள்ளும். அதைத் தவிர்க்க, மாறா வேகப் பொறியின் தண்ணீரைச் சற்றுக் கூடுதலாகக் குளிர்விக்குமாறு அமைப்பார்கள். மேலும், புழுக்கமான கோடை நண்பகலில் வெப்பத்தை அதிக உயரத்துக்குத் 'தூக்க' வேண்டியிருப்பதால் வேகத்தை அதிகம் குறைக்க முடியாது. மும்மடி விதியின் லாபமும் சுருங்கிவிடும். ஆகவே பங்கீட்டை வானிலைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. தேவை 500 டன். ஏதாவது ஒரு பொறியை மட்டும் ஓட்டலாம்; அல்லது இரண்டுக்கும் 250 வீதம் கொடுக்கலாம். எது சிக்கனம்? இரண்டாவது பொறியை ஓட்டினால் அதற்குரிய நீரேற்றிகளும் ஓடி, கூடுதலாக 15 கிலோவாட் உண்ணும் என்றால் உங்கள் விடை மாறுமா? தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்!